அசெம்பிள் செய்த கணினியில் வினோதச் சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே கோத்த கணினியில் திடீரென்று ஒரு சத்தம் கிளம்பினால், யாரிடம் போய் நிற்பது என்றே தெரியாது. கேபினெட் ஒரு நிறுவனத்துடையது, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) இன்னொன்று, கிராபிக்ஸ் கார்டு வேறொன்று. எந்தப் பாகம் கத்துகிறது என்று நாமே உறுதியாகச் சொல்லாதவரை எந்த வாரண்டியும் உதவாது. ஆனால் ஒரு கணினிக்குள் சத்தம் போடக்கூடியவை மிகவும் குறைவு: சுற்றுகிறவை, அவற்றோடு சேர்ந்து அதிர்கிறவை, மின்சாரத்தால் துடிக்கும் காயில்கள் (கம்பிச் சுருள்கள்), ஒன்றிரண்டு ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்). சத்தம் எப்படி இருக்கிறது என்று வர்ணிப்பதைவிட, அது எப்போது வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சத்தம் கேட்டதும் முதலில் என்ன செய்யலாம்?

உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். பக்கக் கதவைக் கழற்றினாலே சில சத்தங்கள் காணாமல் போய்விடும். அப்புறம் எதைத் தேடினோம் என்பதே குழம்பிவிடும். கணினியை அப்படியே வைத்துவிட்டு, நேரத்தைக் கவனியுங்கள். ஆன் செய்த முதல் சில நிமிடங்கள் மட்டும் வருகிறதா? கேம் தொடங்கும்போதா? ஃபைலைக் காப்பி செய்யும்போதா? மவுஸை உருட்டும்போதா? ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதா?

அதோடு, சத்தம் மாறும் விதத்தையும் பாருங்கள். இது மிக முக்கியம். ஃபேன் என்பது எடையுள்ள பொருள். அதன் வேகம் ஏறவும் இறங்கவும் ஓரிரு விநாடி பிடிக்கும். மின்சாரத்தால் வரும் சத்தத்துக்கு அந்தத் தாமதம் கிடையாது. கேமை மூடிய அதே நொடியில் சத்தம் பட்டென்று நின்றால் அது காயில். மெல்லத் தேய்ந்து அடங்கினால் ஃபேன். இந்த ஒரு சோதனையே பல மணிநேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

எந்தச் சத்தம் வந்தால் கணினியை உடனே நிறுத்த வேண்டும்?

மூன்று. எஸ்எம்பிஎஸ் பக்கமிருந்து பொரிவது போலச் சடசடப்போ, 'டப்' என்ற வெடிப்போ, கூடவே கருகிய வாடையோ வந்தால் பவர் பட்டனைத் தேடிக்கொண்டிருக்காமல் சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள். மறுபடி ஆன் செய்து பார்க்க வேண்டாம்.

ஹார்ட் டிஸ்கிலிருந்து ஒரே தாளத்தில் 'க்ளிக்... க்ளிக்... க்ளிக்' என்று வந்து, கூடவே டிஸ்க் திறக்காமல் இழுத்தால் அதுவும் நிறுத்த வேண்டிய சத்தம். விவரம் கீழே தனியாக இருக்கிறது.

மூன்றாவது, சத்தம் நின்றுபோவது. லிக்விட் கூலர் (திரவத்தைச் சுற்றவிட்டு பிராசஸரைக் குளிர்விப்பது) வைத்திருப்பவர்கள், எப்போதும் கேட்கும் பம்ப்பின் மெல்லிய ரீங்காரம் இல்லை, ஆனால் பிராசஸர் வெப்பநிலை விறுவிறுவென்று ஏறுகிறது என்று கண்டால் உடனே நிறுத்திவிடுங்கள். மற்ற எல்லாச் சத்தங்களுக்கும் நிதானமாக உட்கார்ந்து தேட நேரம் இருக்கிறது.

எந்தப் பாகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேபினெட்டின் தகரம் சத்தத்தை எல்லாப் பக்கமும் பரப்பிவிடும். அதனால் வெறுமனே காதை அருகில் கொண்டுபோனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். டிஷ்யூ ரோல் தீர்ந்தபின் மிஞ்சுகிற அட்டைக் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு பாகத்தின் பக்கமும் காட்டுங்கள். குழாய் ஃபேனில் இடிக்காமல், தலைமுடி உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் வரும் இடம் ஆச்சரியப்படும்படி துல்லியமாகத் தெரியும்.

அடுத்தது ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது. பயாஸிலோ (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புத் திரை) ஃபேன்கண்ட்ரோல் போன்ற மென்பொருளிலோ ஒரு ஃபேனை மட்டும் முழு வேகத்துக்கு ஏற்றி, பிறகு இறக்கிப் பாருங்கள். எந்த ஃபேனோடு சத்தமும் ஏறி இறங்குகிறதோ அதுதான். மென்பொருளில் முடியாவிட்டால், கணினியை அணைத்து அந்த ஃபேனின் ஒயரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். கேபினெட் ஃபேன் ஒன்று சில நிமிடம் ஓடாவிட்டால் எதுவும் ஆகாது. பிராசஸர் ஃபேனின் ஒயரை மட்டும் கழற்ற வேண்டாம். பல மதர்போர்டுகள் அது இல்லாமல் எச்சரிக்கை காட்டி பூட் ஆகாமல் நின்றுவிடும், நிற்காத போர்டில் சூடு ஏறும். அதற்குப் பதிலாக, ஓடும் ஃபேனின் நடுக்குமிழை பென்சில் முனை ரப்பரால் மெதுவாக அழுத்தி ஒரு நொடி நிறுத்துங்கள். நடுக்குமிழைத்தான், இறக்கையை வேண்டாம். விரலையும் விடாதீர்கள்.

கடைசியாக, உள்ளங்கையால் கேபினெட்டின் பக்கம், மேல்பகுதி, முன்பகுதி என்று மாறி மாறி அழுத்துங்கள். அழுத்தும்போது சத்தம் அடங்கினால் கோளாறு எதுவும் இல்லை, ஏதோ தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உள்ளே ஏதோ உரசுவது போல 'டர்ர்ர்' என்று வருகிறது. என்ன அது?

பெரும்பாலும் ஒரு கேபிள் ஃபேன் இறக்கையைத் தொடுகிறது. சைக்கிள் சக்கரத்தில் அட்டையைச் செருகி ஓட்டினால் வருமே, அதே சத்தம். புதிதாக அசெம்பிள் செய்த கணினியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஆன் செய்த அன்று சரியாக இருந்த கேபிள், சூட்டில் இளகி மெல்லத் தொங்கி, சில நாள் கழித்து இறக்கையைத் தொடுவதும் சகஜம்.

இங்கே சின்னக் கணக்கு ஒன்று உதவும். 1200 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 1200 முறை சுற்றும் ஃபேன் நொடிக்கு 20 சுற்று சுற்றுகிறது. அதற்கு 7 இறக்கை என்றால், ஒயரில் நொடிக்கு 140 அடி விழும். காதுக்கு அது தொடர்ந்த 'டர்ர்ர்' ஆகத்தான் கேட்கும். ஆகவே நீங்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடிய அளவுக்கு நிதானமான 'டிக்... டிக்...' வந்தால், ஃபேன் இறக்கை ஒயரில் விடாமல் அடிக்கிறது என்ற முடிவுக்கு அவசரப்பட்டுப் போகாதீர்கள். ஹார்ட் டிஸ்க், ரிலே, குறைந்த வேகத்தில் திக்கும் ஃபேன் மோட்டார் ஆகியவற்றைப் பாருங்கள்.

ஒயர்களை டேக் போட்டுக் கட்டும்போது கிராபிக்ஸ் கார்டின் அடிப்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். அதன் ஃபேன்கள் கீழ்நோக்கி இருக்கும். மதர்போர்டின் கீழ் விளிம்பில் செருகிய யுஎஸ்பி, ஆடியோ, முன்பக்க பட்டன் ஒயர்கள் எல்லாம் நேராக அங்கேதான் எட்டும். பல கார்டுகளில் சும்மா இருக்கும்போது அந்த ஃபேன்கள் ஓடாது. அதனால் கேம் தொடங்கியபின்தான் சத்தம் வெளிவரும்.

காலையில் ஆன் செய்ததும் 'கொரகொர' என்கிறது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. விட்டுவிடலாமா?

கொஞ்ச நாள் விடலாம், ஆனால் அந்த ஃபேனுக்கு வயதாகிவிட்டது. விலை குறைந்த ஃபேன்களில் ஸ்லீவ் பேரிங் இருக்கும். உலோகத் தண்டு ஒரு குழலுக்குள் எண்ணெய்ப் படலத்தின் மேல் சுற்றுகிறது. எண்ணெய் வற்றியதும், குளிர்ந்த நிலையில் தண்டு உரசுகிறது. ஓடிச் சூடானதும் மிச்சமிருக்கும் எண்ணெய் இளகிப் பரவ, சத்தம் அடங்குகிறது. நாளாக ஆக அடங்குவதற்கு எடுக்கும் நேரம் நீளும். ஒருநாள் அடங்காமலே போகும், அல்லது சுற்றாமலே நிற்கும்.

இந்த வகை ஃபேன்களைப் படுக்கைவாட்டில், அதாவது கேபினெட்டின் கூரையிலோ தரையிலோ மாட்டினால் தேய்மானம் சீக்கிரம் வரும். அங்கே பால் பேரிங் அல்லது ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் உள்ளவை மேல். பால் பேரிங் நீடித்து உழைக்கும்; ஆனால் தேயும்போது மணல் அரைபடுவது போன்ற சத்தம் தரும், சூடானாலும் அடங்காது.

பேரிங் போயிருக்கிறதா என்று பார்க்க, கணினியை அணைத்துவிட்டு இறக்கையை விரலால் மெல்லச் சுண்டுங்கள். நல்ல ஃபேன் வழுவழுவென்று சில சுற்று சுற்றித் தானாக நிற்கும். பிறகு நடுக்குமிழைப் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால் முடிந்தது கதை.

எண்ணெய் விட்டால் சரியாகாதா?

சில ஃபேன்களில் ஆகும். பின்பக்க ஸ்டிக்கரை உரித்தால் பேரிங் துளை தெரியும் வகையாக இருந்தால், தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு, ஸ்டிக்கரை மறுபடி இறுக ஒட்டலாம். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது பிசுபிசுத்துப் பிசினாகிவிடும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் இருக்கிற எண்ணெயைக் கழுவிவிட்டு ஆவியாகிவிடும். எப்படிச் செய்தாலும் இது தற்காலிக வைத்தியம். கேபினெட் ஃபேன் என்றால் செய்து பார்க்கலாம். பிராசஸர் ஃபேன் என்றால் புதிது வாங்குவதே நிம்மதி. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் என்றால் கையே வைக்காதீர்கள்.

பிரௌசரைத் திறந்தாலே ஃபேன் 'விர்ர்' என்று ஏறி, உடனே இறங்குகிறது. பழுதா?

பழுது இல்லை, அமைப்பு சரியில்லை. இன்றைய பிராசஸர்கள் சின்ன வேலைக்குக்கூட ஒரு கணம் முழு வேகத்துக்குப் பாயும். அந்த நொடியில் வெப்பநிலை 10, 15 டிகிரி துள்ளிவிட்டு இறங்கும். மதர்போர்டின் இயல்பான ஃபேன் கர்வ் (எந்த வெப்பநிலைக்கு எவ்வளவு வேகம் என்று சொல்லும் கோடு) அந்தத் துள்ளலையெல்லாம் விடாமல் துரத்துகிறது.

பயாஸில் ஃபேன் பகுதிக்குப் போனால் ஸ்டெப் அப், ஸ்டெப் டவுன், ஸ்மூத்திங் என்று ஏதாவது ஒரு பெயரில் தாமத அமைப்பு இருக்கும். அதைச் சில விநாடிகளுக்கு ஏற்றுங்கள். கூடவே கர்வில் 60, 65 டிகிரி வரை ஒரே சமமான வேகம் இருக்கும்படி நேர்கோடாக இழுத்துவிடுங்கள். அதற்கு மேல்தான் ஏற்றம் தொடங்க வேண்டும். நமது காது தொடர்ந்து வரும் சத்தத்தைச் சீக்கிரம் மறந்துவிடும். ஏறி இறங்கும் சத்தத்தை மறக்காது.

வேகத்தைக் குறைப்பதில் கிடைக்கும் பலனும் பெரிது. ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். வேகமாகச் சுற்றும் ஒரு சிறிய ஃபேனைவிட, நிதானமாகச் சுற்றும் 140 மி.மீ. ஃபேன் அதே காற்றை அமைதியாகத் தள்ளுவது இதனால்தான்.

ஒரே மாதிரி ஃபேன்கள் போட்டிருக்கிறேன். 'வூம்... வூம்...' என்று அலை போல வருகிறதே?

தனித்தனியாகப் பார்த்தால் எந்த ஃபேனிலும் குறையிருக்காது, அதனால்தான் இது பலரைச் சுற்றவிடும். ஒரே மாடல் என்றாலும் இரண்டு ஃபேன்கள் அச்சாக ஒரே வேகத்தில் ஓடாது. ஒன்று 1000 ஆர்பிஎம், மற்றொன்று 1030 என்று வையுங்கள். 7 இறக்கை உள்ள ஃபேன்களில் அந்த வித்தியாசம் நொடிக்கு மூன்றரை முறை ஏறி இறங்கும் முழக்கமாகக் கேட்கும். இரண்டு சத்தங்களும் மாறி மாறிச் சேர்ந்தும் எதிர்த்தும் போவதால் வருவது இது.

தீர்வு எளிது: இரண்டையும் ஒரே வேகத்தில் ஓட்ட முயலாமல், வேண்டுமென்றே தள்ளிவையுங்கள். ஒன்று 900, இன்னொன்று 1050 என்று வைத்தால் அலை மறைந்துவிடும்.

புதிதாக அசெம்பிள் செய்தேன். ஆன் செய்ததிலிருந்தே ஃபேன் முழு வேகத்தில் இரைகிறது.

முதலில் எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளில் பிராசஸர் வெப்பநிலையைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 70, 80 டிகிரி என்றால் கூலர் சரியாக உட்காரவில்லை. கூலரின் அடிப்பரப்பில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று நினைவுபடுத்துங்கள். கழற்றிப் பார்த்தால் ஒட்டிக்கொண்டே இருப்பது நிறையப் பேருக்கு நடக்கிறது. தாள் இல்லையென்றால், ஸ்க்ரூக்களைக் குறுக்காக மாற்றி மாற்றிச் சமமாக முடுக்கினீர்களா, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே வைக்கும் பேஸ்ட் முழுப் பரப்பிலும் பரவியிருக்கிறதா என்று பாருங்கள். கழற்றினால் பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் வைக்க வேண்டும்.

வெப்பநிலை சரியாக இருந்தும் ஃபேன் இரைந்தால், இணைப்பைப் பாருங்கள். மூன்று பின் ஃபேனை பிடபிள்யூஎம் முறையில் (நான்காவது பின் வழியாக வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை) உள்ள இணைப்பில் செருகினால் அதற்கு எப்போதும் முழு 12 வோல்ட் போகும், வேகம் குறையாது. பயாஸில் அந்த இணைப்பை டிசி முறைக்கு (மின்னழுத்தத்தை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை) மாற்றினால் சரியாகிவிடும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மோலெக்ஸ் என்ற நான்கு பின் இணைப்பு வழியாக நேரடியாக மின்சாரம் எடுக்கும் ஃபேனை மதர்போர்டு கட்டுப்படுத்தவே முடியாது.

ஒரு விஷயம்: கடும் வேலையில் 95 டிகிரி வரை போவது ரைசன் 7000 வரிசையின் பல சிப்புகளுக்கு ஏஎம்டி வகுத்த இயல்பு. அந்த எண்ணை மட்டும் பார்த்து கூலரைக் கழற்றாதீர்கள். சும்மா இருக்கும்போது எவ்வளவு என்று பாருங்கள்.

கேம் ஆடும்போது கிராபிக்ஸ் கார்டிலிருந்து 'கீய்ய்' என்று மெல்லிய விசில். கார்டு போய்விடுமா?

போகாது. இதைக் காயில் வைன் என்பார்கள். மனதை அரிக்கும் சத்தம்தான், ஆனால் கார்டின் ஆயுளைக் குறைப்பதில்லை. கார்டில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் பகுதியில் சிறிய காயில்கள் வரிசையாக இருக்கும். அவற்றின் வழியாகப் போகும் மின்சாரம் நொடிக்குப் பல ஆயிரம் முறை ஏறி இறங்கும்போது கம்பியும் நடுவிலுள்ள காந்தப்பொருளும் நூலிழை அளவு துடிக்கின்றன. அந்தச் சுற்றின் அடிப்படை வேகம் சில நூறு கிலோஹெர்ட்ஸ், அது நம் காதுக்கு எட்டாது. ஆனால் ஒவ்வொரு ஃபிரேம் (திரையில் காட்டும் ஒரு படம்) வரையும்போதும் கார்டு இழுக்கும் மின்சாரம் கூடிக் குறைகிறதே, அது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸுக்குள், அதாவது நாம் கேட்கும் எல்லைக்குள் விழுந்துவிடுகிறது.

இதனால்தான் பல கேம்களில் ஆட்டத்தைவிட மெனு திரையில் விசில் அதிகம். அங்கே வரைவதற்கு ஒன்றுமில்லாததால் கார்டு நொடிக்கு நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கு மேல் ஃபிரேம்களைத் தள்ளுகிறது. சோதனையும் இதிலேயே இருக்கிறது. மெனுவில் நின்றுகொண்டு ஃபிரேம் வரம்பை 60 என்று வையுங்கள். விசிலின் சுருதி அந்தக் கணமே மாறினால் அல்லது மறைந்தால் காயில் வைன் உறுதி.

குறைப்பதற்கும் அதுவே முதல் வழி. மானிட்டரின் ரெஃப்ரெஷ் ரேட்டுக்கு (நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண்) சற்றுக் கீழே ஃபிரேம் வரம்பு வையுங்கள். அதற்கு மேல் வரைவதெல்லாம் திரையில் முழுசாகத் தெரியப்போவதுமில்லை. இரண்டாவது, அண்டர்வோல்ட்: கார்டுக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் மின்சாரமும் சூடும் சத்தமும் சேர்ந்தே குறையும். வேறு எஸ்எம்பிஎஸ்ஸில் இணைத்தபோது விசில் குறைந்ததும் உண்டு, குறையாததும் உண்டு. அதனால் சோதிக்க இரவலாகக் கிடைத்தால் மட்டும் முயலுங்கள், நம்பி வாங்காதீர்கள்.

சும்மா இருக்கும்போது விசில் வந்து, வேலை கொடுத்தால் நின்றால் அது மதர்போர்டின் காயிலாக இருக்கலாம். பிராசஸர் தூங்கி விழிக்கும் சி-ஸ்டேட் மாற்றங்கள் அதைத் துடிக்கவைக்கின்றன. பயாஸில் சி-ஸ்டேட்டை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். காரணம் தெரிந்தபின் மறுபடி ஆன் செய்துவிடலாம், இல்லையேல் மின்செலவு கூடும்.

ஹார்ட் டிஸ்க் சத்தத்தில் எது சாதாரணம், எது ஆபத்து?

தொடர்ந்து வரும் மெல்லிய ரீங்காரம் சாதாரணம். 7200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு 120 சுற்று சுற்றுகிறது, 5400 ஆர்பிஎம் டிஸ்க் 90. ஃபைல் எழுதும்போது வரும் 'கிடுகிடு' உள்ளே ஹெட் (தட்டில் தகவலைப் படித்து எழுதும் முனை) நகரும் சத்தம், அதுவும் சாதாரணம். அணைக்கும்போது ஒரே ஒரு 'க்ளிக்' என்றால் ஹெட் தன் இடத்துக்குப் போய் அமர்கிறது. பெரிய கொள்ளளவு கொண்ட சில டிஸ்குகள் சும்மா இருக்கும்போதே ஐந்து விநாடிக்கு ஒருமுறை 'தொப்' என்று ஒலிக்கும். தேய்மானம் ஒரே இடத்தில் விழாமலிருக்க ஹெட்டை நகர்த்தும் ஏற்பாடு அது.

ஆபத்தான சத்தம் வேறு மாதிரி இருக்கும். ஒரே தாளத்தில் க்ளிக்குகள், நடுவில் மோட்டார் வேகம் குறைந்து மறுபடி ஏறுவது, அந்த நேரத்தில் விண்டோஸ் உறைந்து நிற்பது. ஹெட் தன் இடத்தைத் தேடித் தேடித் தோற்கிறது என்று அர்த்தம். உலோகத்தில் கீறும் 'கிரீச்' என்றால் ஹெட் தட்டையே தொடுகிறது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தகவல் இருக்கும் பரப்பு சுரண்டப்படலாம்.

இப்போது முடிவெடுங்கள். டிஸ்க் இன்னும் திறக்கிறது, அவ்வப்போதுதான் க்ளிக் வருகிறது என்றால், வேறு எந்தச் சோதனையும் செய்யாமல், திரும்பக் கிடைக்காத ஃபைல்களை முதலில் வெளியே எடுங்கள். குடும்பப் படங்கள், ஆவணங்கள், பிறகு மற்றவை. முழு டிஸ்க் ஸ்கேன் ஓட்டுவதை இந்த நேரத்தில் செய்யக்கூடாது. இருக்கிற உயிரை அதற்கே செலவழிப்பதாகும். டிஸ்க் திறக்கவே இல்லை, உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால், அணைத்துவிட்டு தகவல் மீட்பு ஆட்களிடம் கொடுங்கள். ஃப்ரீசரில் வைப்பது, தட்டுவது, திறந்து பார்ப்பது எல்லாம் மீட்கும் வாய்ப்பைக் கெடுக்கும்.

சத்தம் சந்தேகமாக மட்டும் இருந்தால், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் ஸ்மார்ட் விவரங்களை (டிஸ்க் தன் நலம் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு) பாருங்கள். 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளில் மூல எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். அது நாளுக்கு நாள் கூடினால் டிஸ்கை மாற்றுங்கள். சி7 மட்டும் கூடினால் டிஸ்கைத் திட்டாதீர்கள், சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். ஆனால் ஸ்மார்ட் எல்லாம் நலம் என்று காட்டியபடியே செத்த டிஸ்குகளும் உண்டு. காதில் விழும் தாளம் தப்பானது என்றால் காதை நம்புங்கள்.

என்னிடம் எஸ்எஸ்டி மட்டும்தான். அப்படியும் 'க்ளிக்' வருகிறதே?

எஸ்எஸ்டியில் நகரும் பாகம் இல்லை, அது க்ளிக் செய்யாது. ஆன் செய்யும்போதோ அணைத்த சில நொடியிலோ ஒருமுறை வந்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் ரிலே, அது இயல்பு. சூடாகும்போதும் ஆறும்போதும் எப்போதாவது ஒரு 'டக்' வந்தால் தகரமும் பிளாஸ்டிக்கும் விரிந்து சுருங்குகின்றன. குறைந்த வேகத்தில் ஓடும் ஃபேன் விடாமல் 'டிக் டிக்' என்றால் அது பிடபிள்யூஎம் கட்டுப்பாட்டில் மோட்டார் திக்குவது. வேகத்தைச் சிறிது ஏற்றுங்கள், அல்லது டிசி முறைக்கு மாற்றுங்கள்.

எஸ்எம்பிஎஸ் சத்தம் போட்டால் திறந்து பார்க்கலாமா?

கூடாது. உள்ளேயுள்ள பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கலாம். வெளியிலிருந்து செய்யக்கூடியதை மட்டும் செய்யுங்கள். அடியில் உள்ள தூசி வடிகட்டியைக் கழுவுங்கள். கம்பி வலை வழியே டார்ச் அடித்து, ஸ்க்ரூவோ டேக் துண்டோ விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால், பிளக்கைப் பிடுங்கி, எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக் கவிழ்த்து மெல்லக் குலுக்கி எடுக்கலாம். வெளியே வரவில்லை என்றால் ஆன் செய்யாதீர்கள்.

சில எஸ்எம்பிஎஸ்கள் சுமை குறைவாக இருக்கும்போது ஃபேனையே நிறுத்திவிடும். நின்று, ஓடி, நின்று என்று மாறுவதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். பின்பக்கத்தில் அதற்கொரு சுவிட்ச் இருந்தால், ஃபேன் எப்போதும் மெதுவாக ஓடும்படி மாற்றிக்கொள்ளலாம்.

லிக்விட் கூலரில் தண்ணீர் 'களகள' என்கிறது.

உள்ளே காற்றுக்குமிழ் இருக்கிறது. சீல் செய்த கூலர்களிலும் கொஞ்சம் காற்று இருக்கத்தான் செய்யும். அது எங்கே போய்த் தங்குகிறது என்பதே விஷயம். காற்று எப்போதும் உயரமான இடத்துக்குத்தான் போகும். ரேடியேட்டரின் (திரவத்தின் சூட்டைக் காற்றில் வெளியேற்றும் பகுதி) மேல் முனை பம்ப்பைவிட உயரமாக இருந்தால் காற்று அங்கே போய் அடங்கிவிடும். ரேடியேட்டரைத் தாழ்வாக மாட்டி பம்ப் உச்சத்தில் நின்றால், காற்று பம்ப்பிலேயே குடியேறும். சத்தம் மட்டுமா, பம்ப்பும் தேயும். முன்பக்கம் மாட்டுவதானால், ரேடியேட்டர் பம்ப்பைவிட உயரமாக எழும்பட்டும். இடமிருந்தால் குழாய்கள் கீழ்ப்பக்கம் வரும்படி திருப்புங்கள்.

புதிதாக மாட்டியதும் ஓரிரு நாள் களகளப்பது இயல்பு. குறையாவிட்டால், ஓடும்போதே கேபினெட்டை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதன் மின் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். பம்ப் இணைப்பை ஃபேன் கர்வில் விடாமல் ஒரே வேகத்தில் வையுங்கள்.

ஆன் செய்ததும் 'பீப்' ஒலிகள் மட்டும், திரை கறுப்பு.

அது மதர்போர்டு பேசுகிறது. ஒரே குறுகிய பீப் என்றால் பல போர்டுகளில் எல்லாம் நலம். பழைய அவார்ட் பயாஸில் ஒரு நீளம், இரண்டு குறுகியவை என்றால் டிஸ்ப்ளே கோளாறு. போர்டுக்குப் போர்டு மாறும், அதனால் கையேட்டில் பாருங்கள். பார்ப்பதற்கு முன்பே செய்யக்கூடியவை இரண்டு: ராமைக் கழற்றி இரண்டு முனையும் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்திச் செருகுங்கள்; கிராபிக்ஸ் கார்டின் தனி மின் கேபிள் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கணினி அமைதிதான், ஸ்பீக்கரில்தான் இரைச்சல். மவுஸை நகர்த்தினால் அதுவும் மாறுகிறது!

முன்பக்க ஆடியோ ஒயர் கிராபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டு போகும்போது அதன் மின் இரைச்சலை வாங்கிக்கொள்கிறது. ஹெட்போனை மதர்போர்டின் பின்பக்க ஜாக்கில் செருகிப் பாருங்கள். நின்றுவிட்டால் அந்த ஒயரைக் கார்டிலிருந்து தள்ளி விளிம்போரமாக இழுத்துக் கட்டுங்கள். நிற்கவில்லை என்றால் சிறிய யுஎஸ்பி டிஏசி (கணினிக்கு வெளியே ஒலியை உருவாக்கித் தரும் கருவி) ஒன்று தீர்த்துவைக்கும். மாறாத 'ம்ம்ம்' என்ற தாழ்ந்த முழக்கம் மின் இணைப்பின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸிலிருந்து வருவது. கணினியையும் ஸ்பீக்கரையும் ஒரே மின்பலகையில் செருகினால் பெரும்பாலும் அடங்கும். எர்த் பின்னை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கழற்றாதீர்கள்.

தூசியைச் சுத்தம் செய்தபின் சத்தம் கூடிவிட்டது. ஏன்?

ஊதும்போது ஃபேனைப் பிடித்துக்கொள்ளாததால் இருக்கலாம். காற்றழுத்தத்தில் ஃபேன் தன் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் கெடும், அப்போது அது ஜெனரேட்டர் போல மின்சாரத்தைத் திருப்பியும் அனுப்பும். ஒரு விரலால் நடுக்குமிழை அழுத்திக்கொண்டு ஊதுங்கள். இன்னொரு காரணம், கழற்றிய கதவும் வடிகட்டியும் முழுதாகப் பூட்டாமல் நின்று அதிர்வது. கையால் அழுத்திப் பார்த்தால் உடனே தெரியும்.

வாரண்டிக்கு அனுப்பும்போது சத்தத்தை எப்படி நிரூபிப்பது?

அவர்கள் மேஜையில் போட்டுப் பார்க்கும்போது சத்தம் வராமலே போகலாம், அதனால் முன்பே ஆதாரம் வேண்டும். மொபைலில் வீடியோ எடுங்கள். திரையில் ஃபேன் வேகமும் வெப்பநிலையும் தெரிய, நீங்கள் வேகத்தை ஏற்றுவதும் சத்தம் கூடுவதும் ஒரே ஓட்டத்தில் பதிவாகட்டும். பிறகு அந்த ஒரு ஃபேனை நிறுத்த, சத்தமும் நிற்பது தெரியட்டும். பாகத்தின் சீரியல் எண்ணையும் அதே வீடியோவில் காட்டிவிடுங்கள். கடிதத்தில் 'சத்தம் வருகிறது' என்று மட்டும் எழுதாமல், 'குளிர்ந்த நிலையில் ஆன் செய்ததும் 900 ஆர்பிஎம்மில் உரசும் சத்தம், பத்து நிமிடம் நீடிக்கிறது' என்று எழுதுங்கள். காயில் வைன் என்றால் மாற்றித் தருவது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். புதிதாக வாங்கியது என்றால், கடையில் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் மெனு திரைச் சோதனையைச் செய்துவிடுங்கள்.